மழை ராத்திரிக்கு ஒரு பாட்டில்: வடிகால் தண்ணீரில் பூச்சிமருந்தைப் பிடித்த அனுபவம்

எங்கள் மீன் குட்டைக்குத் தண்ணீர் வடிகாலிலிருந்துதான் வருகிறது. மன்னார்குடிக்குத் தெற்கே இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆற்றில் முறை வைத்து விடும் தண்ணீர் மேல்மடை வயல்களில் பாய்கிறது, அங்கிருந்து வடிந்து வடிகாலில் இறங்குகிறது, கீழே இருப்பவர்கள் அதையே மறித்துப் பாய்ச்சிக்கொள்கிறார்கள். ஒருத்தர் வடியவிட்டது அடுத்தவருக்குப் பாசனம். கடைசியாக மிஞ்சுவது முத்துப்பேட்டைப் பக்கம் கடலுக்குப் போகும்.

நெல்லுக்கு அடிக்கிற மருந்து இந்தத் தண்ணீரோடு குட்டைக்கு வருகிறதா, வந்தால் எந்த நேரத்தில் வருகிறது, அந்த நேரம் மட்டும் குழாயை அடைத்து வைத்தால் போதுமா? எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். யார் அடித்தது என்று கண்டுபிடிக்க இறங்கவில்லை. அப்படி இறங்கியிருந்தால் ஊரில் ஒருத்தரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். குட்டை 10 சென்ட், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். சுமார் 6 லட்சம் லிட்டர் தண்ணீர். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து 20 ஈ.சி. (தண்ணீரில் கலக்கும் 20 சதவீத மருந்துக் கரைசல்) என்றால் ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் நஞ்சு. அதில் 3 மில்லி மட்டும் குட்டை முழுக்கக் கலந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஆகிவிடும். பாட்டில் மூடியில் பாதிகூட வராத அளவு அது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012-ஆம் வருடப் பதிப்பு) குளோர்பைரிபாஸுக்கு 30 மைக்ரோகிராம் வரை விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் எந்த மருந்தானாலும் 0.1-க்கு மேல் கூடாது என்கிறது. நம் தரத்தை வைத்துப் பார்த்தால் என் குட்டைத் தண்ணீர் நல்ல தண்ணீர். ஆனால் மீன் குஞ்சுக்கு இரையாகிற டாப்னியா மாதிரியான தண்ணீர்ப்பூச்சிகள் இதே மருந்தில் 1 மைக்ரோகிராமுக்குக் கீழேயே இரண்டு நாளில் விழுந்துவிடும். மீன் மிதக்காது. இரை இல்லாமல் போய், குஞ்சு வளராது. விரால் பிடித்ததா, விதை சரியில்லையா என்று நாம் வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருப்போம்.

அதனால் "குடிநீர் அளவுக்குள் இருக்கிறது" என்ற வார்த்தையை இந்த வேலையில் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

முதலில் ஒரு நோட்டு

கருவி வாங்குவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். மேலே இருக்கிற வயல்களில் என்றைக்கு நடவு, என்றைக்கு மருந்து, என்ன மருந்து, என்றைக்குத் தண்ணீர் வடித்தார்கள். இது இல்லாமல் ஆய்வகத்துக்குப் பாட்டில் அனுப்புவது வீண் செலவு. எதைத் தேடச் சொல்வீர்கள்?

பக்கத்து வயல் மாமாவிடம் கேட்டபோது முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதுக்குப்பா இதெல்லாம் எழுதுற? நாளைக்கு எவனாவது கேஸு கீஸுன்னு வந்து நிப்பான்."

"கேஸெல்லாம் இல்ல மாமா. நீங்க தண்ணி வடிக்கிற அன்னிக்கு நான் குழாய அடைச்சுக்கிட்டா போதும். அதுக்குத்தான்."

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன. வியாழக்கிழமை மேலுரம் போடப் போறேன், புதன்கிழம சாயங்காலம் மடைய வெட்டிவிடுவேன். எழுதிக்க."

மருந்துக் கடைக்காரர் இன்னும் உதவியாக இருந்தார். எந்த வாரம் எது ஓடுகிறது என்று அவருக்கு மனப்பாடம். நடவு முடிந்ததும் களை முளைக்காமல் இருக்க பிரெட்டிலாகுளோர், பிறகு முளைத்த களைக்குப் பிஸ்பைரிபாக் சோடியம், குருத்துப்பூச்சிக்கு கார்டாப் குருணை அல்லது குளோரன்ட்ரானிலிப்ரோல், இலைச்சுருட்டுக்கு அந்த வருடம் எது மலிவோ அது, புகையான் (தண்டில் சாறு உறிஞ்சும் பூச்சி) வந்தால் பைமெட்ரோசின் அல்லது பியூப்ரோபெசின், குலைநோய்க்கு டிரைசைக்ளசோல். ஒரு பருவத்தின் மருந்துக் கணக்கு முழுசும் அவர் பில் புத்தகத்தில் இருக்கிறது.

நோட்டை எழுத எழுத ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வடிகாலில் தண்ணீர் தினமும் ஓடினாலும் மருந்து தினமும் ஓடுவதில்லை. மூன்று நேரங்கள் முக்கியம். களைக்கொல்லி போட்ட சில நாட்களுக்குள் கொட்டுகிற மழை. மேலுரத்துக்கு முன்னால் வேண்டுமென்றே வடிக்கிற தண்ணீர். புகையானுக்கு மருந்தடிக்கும் முன் வடிப்பது. கடைசி இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மழை யாரிடமும் சொல்லிவிட்டு வருவதில்லை, அதுவும் ஐப்பசியில் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும்.

களைக்கொல்லி போட்டால் வயலில் தண்ணீரைச் சில நாள் கட்டி வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மருந்து வேலை செய்யவே அது தேவை. ஜப்பானில் 7 நாள் நிறுத்தச் சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் 1980-களின் தொடக்கத்தில் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கின் நெல் வடிகால்களில் கெண்டை மீன்கள் கும்பல் கும்பலாகச் செத்தன. காரணம் மோலினேட் என்ற களைக்கொல்லி. தயோபென்கார்ப் என்ற இன்னொன்றால் சாக்ரமெண்டோ நகரத்துக் குழாய்த் தண்ணீரே கசந்தது. அதற்குப் பிறகு வயலில் தண்ணீரை நிறுத்தி வைக்கும் நாட்களைக் கிட்டத்தட்ட ஒரு மாதம் வரை கூட்டினார்கள், ஆற்றில் மருந்தின் அளவு இறங்கியது. அங்கே நெல் பருவத்தில் மழை கிடையாது, அதனால் முடிந்தது. இங்கே சம்பா நட்டதும் வடகிழக்குப் பருவமழை. நட்ட பயிர் மூழ்கி அழுகும்போது யாரும் களைக்கொல்லிக்காக மடையை அடைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள், உட்காரச் சொல்லவும் கூடாது. ஆகவே தண்ணீர் வரத்தான் போகிறது. வரும் நேரத்தைப் பிடிப்பதுதான் என் வேலை.

பீர் பாட்டில் சாம்பிளர்

மழையில் வடிகால் ஏறும்போது முதலில் வருகிற தண்ணீரில்தான் மருந்து அதிகம். பிறகு வருவது மழைத் தண்ணீரால் நீர்த்துப்போனது. விடிந்தபின் போய் ஒரு பாட்டில் முக்கி எடுத்தால் கிடைப்பது இரண்டாவது ரகம். தானாக எடுக்கும் ஆட்டோ சாம்பிளர் லட்சக்கணக்கில் விலை. ஆனால் மின்சாரமே இல்லாமல், தண்ணீர் மட்டம் ஏறும்போது தானே நிறைந்துகொள்ளும் பாட்டில் ஒன்றை அமெரிக்காவில் ஆற்று வண்டலை அளக்கிறவர்கள் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அதன் சூட்சுமம் ரொம்பச் சின்னது.

பாட்டிலின் கார்க்கில் இரண்டு ஓட்டை. ஒன்றில் தண்ணீர் உள்ளே வரும் குழாய், இன்னொன்றில் காற்று வெளியேறும் குழாய். தண்ணீர்க் குழாய் கார்க்குக்கு மேலே எழும்பி, கவிழ்த்த 'ப' மாதிரி வளைந்து, வெளிப்பக்கம் கீழே இறங்கும். வெளியே தண்ணீர் மட்டம் அந்த வளைவின் உச்சியைத் தொடும்வரை பாட்டில் காலியாகவே இருக்கும். தொட்ட கணத்தில் சைபன் பிடித்து உள்ளே கொட்டும். தண்ணீர் உள்ளே இருக்கும் காற்றுக் குழாயின் கீழ்நுனியை எட்டியதும் காற்று வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும், வரத்து நின்றுவிடும். காற்றுக் குழாயின் வெளிநுனியை மட்டும் வெள்ளம் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு வடிகாலில் எவ்வளவு ஓடினாலும் பாட்டிலுக்குள் இருப்பது அந்த மட்டத்தில், அந்த நேரத்தில் வந்த தண்ணீர்.

பாட்டில்? கண்ணாடிதான். பிளாஸ்டிக்கில் எடுத்தால் குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் வகையறா பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், ஆய்வகத்துக்குப் போவது மிச்சம். வெளிச்சம் பட்டுச் சிதையாமல் இருக்கப் பழுப்புக் கண்ணாடி நல்லது. பழுப்பு, கண்ணாடி, ஒரே அளவு, எங்கும் கிடைக்கும் என்றால் 650 மில்லி பீர் பாட்டில்தான். நான் குடிப்பதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பழைய இரும்புக் கடைக்காரர் நம்பவில்லை. சோப்புத் தூளில் ஊறவைத்து, லேபிளைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, கடைசியாக அசிட்டோனை ஊற்றிக் குலுக்கிக் கொட்ட வேண்டும். பிறகு வாயை அலுமினியத் தாளால் மூடி நிழலில் காயவிட்டேன். அசிட்டோன் தீப்பிடிக்கும். அடுப்பங்கரையில் இந்த வேலை வேண்டாம்.

குழாய்க்கு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் செம்புக் குழாய் சுலபமாகக் கிடைக்கும், கையாலேயே வளைக்கலாம். அதைத் தவிர்த்தேன். செம்பு அயனி, குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் சிதைவதை வேகப்படுத்தும். ஒரு ராத்திரியில் பெரிதாக ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், ஆனால் ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வந்தபிறகு குழாயைச் சந்தேகப்படுவது பெரிய தலைவலி. கல்லூரி ஆய்வகத்துக்குப் பொருள் விற்கும் கடையில் கண்ணாடிக் குழாய் வாங்கி ஸ்பிரிட் விளக்கில் வளைத்தேன். நடுவில் சூடு காட்டும்போது விரலால் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் வளைவு நசுங்கி உள்துளை மூடிக்கொள்ளும். காற்றுக் குழாயை மேலே நீட்ட மட்டும் சிலிகான் டியூப், அதில் தண்ணீர் படாது. ரப்பர் கார்க்கின் அடிப்பக்கத்தில், தண்ணீர் படும் இடத்தில், பிளம்பர் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்ளான் டேப்பைச் சுற்றினேன்.

ஒரு சவுக்குக் கட்டையை வடிகாலின் கரையோரம் அடித்து இறக்கி, மூன்று பாட்டில்களைக் கட்டையைச் சுற்றி ஒன்றைவிட ஒன்று உயரமாக, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினேன். சாதாரண ஓட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் மேலே முதல் பாட்டிலின் வளைவு, 15-இல் இரண்டாவது, 25-இல் மூன்றாவது. குழாய் வாயைக் கீழ்நீரோட்டப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆகாயத்தாமரை வேரும் வைக்கோலும் வந்து அடைக்கும். வாயில் ஒரு துண்டு எவர்சில்வர் டீ வடிகட்டி வலையைச் சுற்றினேன். நண்டு இருக்கிற ஊர்.

முதல் பாட்டில் நிறைந்தது தெரிய வேண்டுமே, நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் உள்ளே மருந்து சிதையும். மேல்தொட்டிக்கு வைக்கிற மிதவை சுவிட்ச் ஒன்றை அதே கட்டையில் கட்டி, சிம் கார்டு போடும் ஜி.எஸ்.எம். மாட்யூல் வழியாக என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் வரும்படி செய்தேன். மாட்யூலும் பேட்டரியும் தயிர் டப்பாவுக்குள், டப்பா கட்டையின் உச்சியில். இதைவிடப் பெரிய எலக்ட்ரானிக்ஸ் இந்த வேலைக்குத் தேவைப்படவில்லை.

எவ்வளவு ஓடுகிறது

மருந்தின் செறிவு மட்டும் தெரிந்தால் பாதி விஷயம்தான். லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால் சொட்டுச் சொட்டாக வடிகிற மடையில் அது ஒன்றுமில்லை, ஆளுயரம் ஓடுகிற வடிகாலில் அது கிலோக் கணக்கில் போய்விடும். வயல் மடையில் 90 டிகிரி 'வி' வெட்டிய தகரத்தை வைத்தேன். முனையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் உயரம் நிற்கிறதோ அதை 2.5 அடுக்குக்கு உயர்த்தி 1.38-ஆல் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று வரும். 10 சென்டிமீட்டர் நின்றால் வினாடிக்கு 4.4 லிட்டர், 20 நின்றால் 25 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல். வினாடிக்கு 4.4 லிட்டரில் 5 மைக்ரோகிராம் வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1.9 கிராம் மருந்து. என் குட்டையை லிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்கு ஏற்றிவிட அது போதும்.

உயரத்தை அளக்க அல்ட்ராசோனிக் சென்சார் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். பகலுக்கும் மழை ராத்திரிக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் அளவு 1.7 சதவீதம் பிசகும். சென்சார் தண்ணீருக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால் பிசகு 1.7 சென்டிமீட்டர். 'வி'-யில் 10 சென்டிமீட்டர் நிற்கும்போது இந்தப் பிசகு ஓட்டத்தை ஒன்றரை மடங்காகக் காட்டும். கூடவே ஒரு வெப்ப சென்சாரை மாட்டிக் கணக்கில் திருத்த வேண்டும், அல்லது பேசாமல் மரக்கோலில் சென்டிமீட்டர் கோடு போட்டு நட்டுவிட வேண்டும். நான் கோலுக்குப் போய்விட்டேன்.

இன்னொன்று, இந்த 'வி' வேலை செய்ய வேண்டுமானால் தண்ணீர் அதைத் தாண்டித் தனியாகக் கீழே விழ வேண்டும். தஞ்சாவூர் சமவெளியில் சரிவு எங்கே இருக்கிறது? அடைமழையில் வடிகால் நிரம்பிப் பின்னுக்கு ஏறினால் தகரம் மூழ்கிவிடும், கணக்கு பொய். அந்த நேரத்துக்குப் பழைய முறைதான். 10 மீட்டர் தூரத்துக்கு இரண்டு குச்சி, ஒரு எலுமிச்சம்பழம், போனில் ஸ்டாப்வாட்ச். மேல்மட்ட வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, வாய்க்காலின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம். கிழக்கே கடலோரம் இருப்பவர்களுக்கு ஓதம் ஏறும்போது தண்ணீர் மேல்நோக்கியே வரும், அது வேறு கதை.

நீலம் வந்தால் நல்லது

இணையத்தில் காய்கறிக்கு விற்கும் சோதனை அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். அட்டையில் ஒரு வெள்ளை வட்டம், ஒரு சிவப்பு வட்டம். வெள்ளையில் கோலினெஸ்டரேஸ் என்சைம் இருக்கிறது. அதில் தண்ணீரை விட்டு 10 நிமிடம் 37 டிகிரியில் வைத்து (சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்), பிறகு மடித்துச் சிவப்பை அதன்மேல் 3 நிமிடம் அழுத்த வேண்டும். என்சைம் உயிரோடு இருந்தால் வெள்ளை வட்டம் நீலமாகும். மருந்து அதை முடக்கியிருந்தால் வெள்ளையாகவே இருக்கும். கூட நின்று பார்த்த எல்லாருமே நீலத்தைக் கண்டால் "ஐயோ, விஷம்" என்றார்கள்.

வடிகால் தண்ணீரில் எப்போதும் நீலம்தான் வந்தது. அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த அட்டைக்கு லிட்டருக்கு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, பல மருந்துகளுக்கு அதற்கும் மேல் வேண்டும். நாம் தேடுவது அதைவிட நூறு, ஆயிரம் மடங்கு குறைவு. போதாததற்கு இது ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் இரண்டை மட்டுமே பிடிக்கும். களைக்கொல்லியோ பூஞ்சாணக்கொல்லியோ இமிடாகுளோபிரிடோ இதன் கண்ணில் படாது. குளோர்பைரிபாஸ்கூட ஆக்சிஜன் ஏறிய 'ஆக்சான்' வடிவத்துக்கு மாறினால்தான் என்சைமை நன்றாகப் பிடிக்கும்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் அட்டை பளிச்சென்று வெள்ளையாக நின்றது. ஸ்ப்ரேயர் டேங்கைக் கழுவுகிற படித்துறை. கழுவி முடித்தபின் அந்த இடத்துத் தண்ணீரை எடுத்தேன். அட்டை வாங்கியதற்கு அந்த ஒரு வெள்ளை வட்டம் போதும். மழையிலும் வடிப்பிலும் வருவதைத் தடுக்க வழி கம்மி. டேங்க் கழுவுவதைத் தடுக்கலாம்.

டம்ளர்களில் மொய்னா

சரியாக வேலை செய்த கருவி உயிருள்ளது. அலங்கார மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்குப் போட மொய்னா என்ற தண்ணீர்ப்பூச்சியை வளர்க்கிறார்கள், சென்னை கொளத்தூர்ப் பக்கம் கேட்டால் பாக்கெட்டில் கிடைக்கும். டாப்னியாவின் சொந்தக்காரர், நம் ஊர் வெயிலைத் தாங்கும். பெயின்ட் வாளியில் கிணற்றுத் தண்ணீர், சிட்டிகை ஈஸ்ட், கொஞ்சம் பச்சைத் தண்ணீர். ஒரு வாரத்தில் வாளி கொதிப்பது போல் அசையும்.

சோதனைக்கு ஒரு நாளுக்கும் குறைந்த வயதுக் குஞ்சுகள் வேண்டும். சாயங்காலம் பெரியவைகளைத் தனியாகப் பிரித்து விட்டு, காலையில் வடிகட்டியால் எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது ராத்திரி பிறந்தவை. கண்ணாடி டம்ளரில் 50 மில்லி தண்ணீர், டம்ளருக்கு 5 குஞ்சு, ஒவ்வொரு தண்ணீருக்கும் 4 டம்ளர். கூடவே வெறும் கிணற்றுத் தண்ணீர் டம்ளர்களும். கிணற்றுத் தண்ணீரிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் விழுந்தால் அந்தச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். 48 மணி நேரம் கழித்து எண்ணுவது. டம்ளரை மெல்ல அசைத்துவிட்டு 15 வினாடி பார்க்க வேண்டும், நீந்தாவிட்டால் விழுந்த கணக்கு.

கறுப்புத் துணிமேல் டம்ளரை வைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நன்றாகத் தெரியும். நல்ல தண்ணீரில் அவை துள்ளித் துள்ளி மேலே ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி துள்ளும். முதல் மழையில் கீழ்ப் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரில் துள்ளல் மாறியது. ஒரே இடத்தில் சுற்றின. பிறகு அடியில் படுத்துக்கொண்டு கொம்பு மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. 48 மணி நேரத்தில் அந்த டம்ளர்களில் நீந்தியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதே மழையில் மேல் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரில் பெரும்பாலானவை துள்ளிக்கொண்டிருந்தன. மறுநாள் பகலில் கையால் எடுத்த தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. ஒரே வடிகால், ஒரே மழை.

செத்தது மருந்தால்தான் என்று இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. யூரியா போட்ட வயலிலிருந்து அம்மோனியா வரும். பி.எச். 7-இல் அதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இருக்காது. பாசி பிடித்த தண்ணீரில் பிற்பகலில் பி.எச். 9 வரை ஏறும், அப்போது நம் ஊர் வெப்பத்தில் கிட்டத்தட்டப் பாதி நச்சு. வைக்கோல் அழுகினால் ஆக்சிஜனும் இருக்காது. அதனால் தண்ணீரை முதலில் அக்வேரியம் பம்பால் காற்றடித்துவிட்டு மூன்றாகப் பிரித்தேன். ஒன்று அப்படியே. இன்னொன்றில் மீன் தொட்டிக்குப் போடும் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு நன்றாகக் குலுக்கி வடிகட்டியது. மூன்றாவதில் இறால் பண்ணைகளுக்கு விற்கும் ஜியோலைட். கரி மருந்தைப் பிடித்துக்கொள்ளும், அம்மோனியாவைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஜியோலைட் அதற்கு நேர்மாறு. கரி போட்டதில் மொய்னா பிழைத்தது, ஜியோலைட் போட்டதில் விழுந்தது. சந்தேகம் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது, செலவு நூறு இருநூறு ரூபாய்.

கிணற்றுத் தண்ணீரையும் அதே கரி வழியாக ஒருமுறை விட்டுப் பாருங்கள். சில கரி கழுவாமலே வரும், அதுவே பூச்சியைக் கொல்லும்.

ஆய்வகம்

மொய்னா சொல்லாததை ஆய்வகம் சொல்ல வேண்டும்: எந்த மருந்து. பாட்டிலை நிரம்ப மூடி, ஐஸ் பெட்டியில், மறுநாளே சேர்த்துவிட வேண்டும். உறைய வைத்தால் பாட்டில் வெடிக்கும். கூட ஒரு பாட்டிலில் சுத்தமான தண்ணீரை ஊற்றி, வடிகால் கரையில் திறந்து மூடி, அதையும் சேர்த்து அனுப்புங்கள். அதில் மருந்து வந்தால் அழுக்கு உங்கள் கையில் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகம் உண்டு, தனியார் ஆய்வகங்களும் செய்கின்றன.

பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: தண்ணீரில் எவ்வளவு குறைந்த அளவு வரை சொல்வீர்கள்? காய்கறிக்குப் பழகிய ஆய்வகம் பல மருந்துகளுக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே 'கண்டறியப்படவில்லை' என்று எழுதிவிடும். அது தண்ணீருக்கு உதவாது. 0.1 வரை போகிற இடம் வேண்டும். உங்கள் நோட்டைக் காட்டி, அதில் இருக்கும் மருந்துகள் அவர்கள் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். கிளைபோசேட், பாராகுவாட் என்ற களைக்கொல்லிகள் இரண்டும் பொதுப் பட்டியலில் வராது, தனி முறை, தனிக் கட்டணம்.

என் கீழ்ப் பாட்டிலில் பிரெட்டிலாகுளோரும் டிரைசைக்ளசோலும் வந்தன, கூடவே குளோர்பைரிபாஸ் கொஞ்சம். முதல் இரண்டும் நோட்டில் இருந்தவை. மூன்றாவது நோட்டில் இல்லை, அதைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. மொய்னாவைக் கொன்றது அதுவாகத்தான் இருக்க வேண்டும், மற்ற இரண்டும் அந்த அளவில் பூச்சியைக் கொல்பவை அல்ல. பகலில் எடுத்த பாட்டிலில் ஒன்றும் வரவில்லை. பகல் பாட்டிலை மட்டும் அனுப்பியிருந்தால் வடிகால் சுத்தம் என்று ரிப்போர்ட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம்.

இப்போது நடப்பது

மிஸ்டு கால் வந்தால் குழாய் அடைப்பு. வடிகால் பழைய மட்டத்துக்கு இறங்கியபின் ஒரு டம்ளர் சோதனை, மொய்னா துள்ளினால் திறப்பு. தண்ணீர் நேராகக் குட்டைக்குள் போவதில்லை. முப்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, சம்பும் கோரையும் மண்ட விட்டிருக்கிறேன். வண்டலோடு ஒட்டி வரும் மருந்து செடித் தண்டுகளில் தங்கிவிடும், குளோர்பைரிபாஸுக்கும் சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைக்கும் இது நன்றாகக் கேட்கும். தண்ணீரில் சர்க்கரைபோல் கரையும் மோனோகுரோட்டோபாஸ், அசிபேட் வகையை இது அவ்வளவாகத் தடுக்காது.

டேங்க் கழுவும் இடத்துக்கு ஸ்வீடன்காரர்கள் 1990-களில் கொண்டுவந்த முறை ஒன்று இருக்கிறது. பள்ளத்தில் பாதி வைக்கோல், கால் பங்கு மேல்மண், கால் பங்கு பீட் (சதுப்பு நிலத்து மக்கு) கலந்து நிரப்பி, கழுவிய தண்ணீரை அதில் ஊற்றுவது. வைக்கோலை மக்கவைக்கும் பூஞ்சாணம் மருந்தையும் சேர்த்துத் தின்னும். பீட்டுக்குப் பதில் மக்கிய தென்னை நார்க் கழிவைப் போட்டு, படித்துறைக்குப் பக்கத்து மேட்டில் வெட்டி, மேலே இரண்டு தகரம் போட்டிருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு டிரம் தண்ணீரும் குவளையும் வைத்தபிறகுதான் ஆட்கள் அங்கே கழுவ ஆரம்பித்தார்கள். டிரம் காலியாக இருந்தால் திரும்பப் படித்துறைக்கே போய்விடுகிறார்கள், ஆகவே டிரம்மை நிரப்புவது என் பொறுப்பு.

மொய்னாவிடம் ஒரு ஓட்டை இருக்கிறது. இமிடாகுளோபிரிட், தயாமெத்தாக்சாம் என்ற பூச்சிமருந்து வகைக்கு டாப்னியா, மொய்னா இரண்டும் அசையாது. மில்லிகிராம் கணக்கில் ஊற்றினாலும் நீந்தும். ஆனால் குட்டைச் சேற்றில் இருக்கும் ரத்தப்புழு (கொசு மாதிரியான, கடிக்காத ஒரு பூச்சியின் புழு) சில மைக்ரோகிராமிலேயே படுத்துவிடும். மீனுக்கு அதுவும் இரை. இப்போது சேற்றிலிருந்து சலித்தெடுத்த ரத்தப்புழுக்களை மணல் போட்ட டம்ளர்களில் வளர்த்துப் பார்க்கிறேன். கொசுவலை போட்டு மூடாவிட்டால் முழுவளர்ச்சி அடைந்து பறந்துபோய் விடுகின்றன, வீட்டில் இதற்கு எதிர்ப்பு பலமாக இருக்கிறது.